எனக்கென்று ஒரு சைகை

எதிரில் வருகிறவர் உச்சந்தலையை இரண்டு முறை தட்டினால்
பாமணியாற்றுப் பாலத்தில் ஹெல்மெட் பிடிக்கிறார்கள்.
உள்ளங்கை தாழ்ந்து காற்றை அமுக்கினால்
திருப்பத்துக்கு அப்பால் பாதி ரோட்டில் நெல் காய்கிறது,
விளிம்பில் கருங்கல் அடுக்கியிருக்கும்.
ஒற்றைக் கை அகல நீண்டால் அறுவடை மெஷின்,
வாய்க்கால் ஓரம் ஒதுங்கிக்கொள்.
விரல்கள் குவிந்து குவிந்து விரிந்தால்
பட்டப்பகலில் என் விளக்கு எரிகிறது.
புது வண்டி, அணைக்க சுவிட்சே இல்லை அண்ணே
என்று பதில் சொல்ல இன்னும் சைகை வரவில்லை.
தலையை மட்டும் ஆட்டிவைப்பேன்.

ஒருமுறை கோட்டூரிலிருந்து ஒருவன்
ஹாரன் அடித்தபடி துரத்தினான்.
போன வாரம் நான் வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்திய
யாரோ ஒருத்தியின் புருஷன் என்று நினைத்து
எண்பதில் முறுக்கினேன்.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
பக்கத்தில் வந்து நின்றான், மூச்சு வாங்கியது.
"ஸ்டாண்டு கிடக்கு சார்."
தன் காலாலேயே அதைத் தட்டிவிட்டான்.
கேட் திறந்ததும் வந்த வழியே திரும்பிப் போனான்.
இதற்காகவா மூன்று கிலோமீட்டர்?

செவ்வாய் பெருகவாழ்ந்தான், ஐந்து குழு.
புதன் களப்பால்.
நான் போய்ச் சேரும்போது
வீடுகள் பூட்டிக் கிடக்கும்.
உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்.
எப்படித் தெரிகிறது இவர்களுக்கு?
கோரையாறு தாண்டினால் செல்போனில் கோடு ஒன்றுகூட நிற்காதே.

தை கடைசியில் ஒரு நாள்
எனக்கு முன்னால் ஐஸ்பெட்டி கட்டிய எக்ஸெல், மீன் வண்டி.
எதிரே ஸ்கூட்டியில் ஒரு பெண்.
மீன்காரர் இடது கையை எடுத்து
தோளிலிருந்து இடுப்புக்கு
மார்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.
குருக்கள் யாரோ வருகிறார் போல,
பூணூலைத்தான் காட்டுகிறார் என்று நினைத்தேன்.
ஸ்கூட்டி ஊரைப் பார்த்துத் திரும்பிப் பறந்தது.
அப்புறம்தான் குனிந்து பார்த்தேன்,
என் மார்பின் குறுக்கே
வசூல் பையின் வார்.

கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.
போலீசுக்கு ஒன்று, நெல்லுக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று,
அந்த வரிசையில் நானும்.
மறுவாரம் பையைக் கழற்றி டேங்க் கவரில் செருகிக்கொண்டேன்.
வார் இல்லாத மார்பைப் பார்த்தும்
கோடு இழுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. மச்சினி வீட்டுக் காதுகுத்து.
திருமக்கோட்டை ரோட்டில் என்னை ஒட்டியே பின்னால்
வேறு கம்பெனிப் பையன், புதுப் பை,
வாரில் மடிப்புகூடக் கலையவில்லை.
எதிரே தையல்நாயகி. என் குழுதான், மூன்று தவணை பாக்கி.
அந்தக் கம்பெனியிலும் வாங்கியிருக்கிறாள், எனக்குத் தெரியும்.
என்னைக் கண்டதும் வண்டி தள்ளாடியது,
கால் ஊன்றினாள்.

என் இடது கை கிளட்சை விட்டு எழுந்தது.
தோளிலிருந்து இடுப்புக்கு.
பிறகு கட்டைவிரல் பின்னால்.

அவள் முதலில் என் மார்பைப் பார்த்தாள்,
வேட்டியும் பட்டுச்சட்டையும்தான் இருந்தன.
பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.
கண்ணாடியில் நான் பார்த்தபோது
வண்டி கருவை மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
பையன் நேராகப் போய்விட்டான்,
எனக்கு ஒரு வணக்கம்கூட வைத்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் வீடு பூட்டியிருந்தது.
உள்ளே கிரைண்டர்.
ஒரு மணிநேரம் உட்காரச் சொல்கிறது கம்பெனி விதி.
பத்து நிமிடம் நின்றேன்.
நோட்டில் 'ஆள் இல்லை' என்று எழுதினேன்.
வண்டியை உதைத்துக் கிளப்பி
தெருமுனைக்கு வருவதற்குள்
கிரைண்டர் நின்றது.
கொல்லைப்பக்கத்திலிருந்து ஒரு குரல்,

"சார், ஸ்டாண்டு!"

குரல் வந்த பக்கம் பார்ப்பது முறையில்லை.
மடக்கிவிட்டு
இடது கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டிப் போனேன்.